புளி தீர்ந்ததால் பிழைத்த எலி

ஒரு பொருளைச் சுத்தமாகக் கழுவி வைத்ததற்காக வேலை போகும் நிலைக்கு வந்தவள், இந்த இலங்கை மலையகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திருடியவர்களுக்கு வேலை போயிருக்கிறது. தூங்கியவர்களுக்குப் போயிருக்கிறது. கழுவியதற்காக யாருக்கும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. (எங்கள் தோட்டத்தில் கழுவாததற்காகவும் யாருக்கும் போனதில்லை.)

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். கொட்டகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமார் குடியிருந்த பழைய பங்களாவை, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார்கள். வருகிறவர்களின் பெயரை எழுதி, சாவியைக் கொடுத்து, சிரிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மூன்று மாதம் தற்காலிகம், சரியாகச் செய்தால் நிரந்தரம் என்று துரை சொல்லியிருந்தார். (அவர் தோட்ட மனேஜர். பலகையில் மனேஜர் என்றுதான் எழுதியிருக்கும். எங்கள் வாயில் இன்னும் துரைதான்.)

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த பெண் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவது எங்கள் தோட்டத்துக்குப் புதிது. என் அம்மா மாரியாயி இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். நான் முதல் நாள் வேலைக்குப் போனபோது அவள் வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. "இது நிக்கலன்னா அடுத்த மாசமே பேரு பதிஞ்சிட்டு எங்கூட கொழுந்துக் கூட தூக்க வேண்டியதுதான், பாத்துக்க" என்றாள். அவள் என்னைப் பயமுறுத்தவில்லை. அவளுக்கு நடந்ததைச் சொன்னாள்.

அதனால் நான் அந்த வேலையை மிக அக்கறையாகப் பார்த்தேன். இந்தக் கதையில் நடந்த அத்தனை நாசமும் அக்கறையால் வந்தது.

பங்களா ஹாலில் ஒரு கண்ணாடி அலுமாரி உண்டு. அதில் விரிசல் விட்ட கோப்பைகளும், நின்றுபோன கடிகாரமும், ஐந்து குட்டி மிருகங்களும் இருந்தன. குரங்கு, முயல், ஆமை, மாடு, எலி. ஒவ்வொன்றும் ஒரு கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிது. நான்கு யானைத் தந்தத்தில் செதுக்கியவை, எலி மட்டும் மரம். எந்தக் காலத்திலோ இருந்த ஒரு துரை ஜப்பானிலிருந்து கொண்டுவந்தாராம். எனக்கு அவற்றைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஐந்தும் அழுக்கு. தந்தம் நாலும் பல் விளக்காதவன் பல்லைப் போலப் பழுத்துக் கிடந்தன. எலியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒரு நாள் ஜப்பானிலிருந்து மொரிதா என்பவரின் கடிதம் வந்தது. ஓய்வுபெற்ற மனிதர், இந்த மாதிரிக் குட்டிச் சிற்பங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். பங்களாவில் தங்கிப் போன யாரோ எடுத்த புகைப்படத்தில் நமது ஐந்தையும் பார்த்துவிட்டு, நேரில் பார்க்க வருகிறேன் என்று எழுதியிருந்தார். துரை கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் இரண்டு தடவை நடந்தார்.

"இந்தா புள்ள, இந்த ஆளுக்குப் புடிச்சிருச்சின்னா இவரோட கூட்டாளிங்க எல்லாம் வருசா வருசம் வருவாங்க. ஒன்னோட வேலையும் அதுலதான் இருக்கு. எல்லாம் சரியா இருக்கணும்."

"சரிங்க தொரை."

கடிதத்தைக் கோப்பில் போட்டது நான்தான். இரண்டு பக்கம் இருந்தது. முதல் பக்கத்தைப் படித்தேன். வருகிற நாள், ரயில், சாப்பாடு எல்லாம் அதிலேயே இருந்தது. இரண்டாம் பக்கத்தில் நன்றி, வணக்கம் என்று ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

விருந்தாளி சனிக்கிழமை வருகிறார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மிருகங்களையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தாள். வீட்டுக்கு ஆள் வரும்போது குத்துவிளக்கு கறுத்துக் கிடந்தால் தூக்கமே வராத பெண் அவள்.

"இதையா ஜப்பான்காரருக்குக் காட்டப் போறீங்க? வெக்கமா இல்ல?"

"அதுக்குத்தாம்மா கொண்டாந்தேன்."

அதன் பிறகு நடந்ததற்கு எங்கள் லயத்துப் பீலிக்கரை சாட்சி. மலை ஊற்றுத் தண்ணீர் குழாயில் விழும் அந்த இடத்தில்தான் எங்கள் பாத்திரம், துணி, பிள்ளைகள் எல்லாம் வெளுக்கும். அம்மா புளியைக் கரைத்தாள், அடுப்புச் சாம்பலைக் கலந்தாள், தேங்காய் நாரை எடுத்தாள். குரங்கின் முதுகில் முதல் தேய்ப்புத் தேய்த்ததுமே வெள்ளை தெரிந்தது. இரண்டு பேருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. முயலின் காதுக்குள் ஈர்க்குச்சி விட்டு நோண்டினேன். ஆமையின் அடியில் யாரோ ஆணியால் கிறுக்கியிருந்தார்கள். அந்தக் கறுப்பு மட்டும் போகவே மாட்டேன் என்றது. அதற்கென்று தனியாகக் கால்மணி நேரம் செலவழித்தேன். (செதுக்கியவர் தன் பெயரை எழுதி மையிட்டிருந்தார் என்பது மறுநாள் தெரிந்தது.)

நான்கும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன. ஒரு சின்னக் குறை, கண்ணில் இருந்த கறுப்பும் கழுவலோடு போய்விட்டது. கண்ணில்லாத குரங்கை எப்படி விருந்தாளிக்குக் காட்டுவது? அம்மா உள்ளே போய் மைச்சிமிழை எடுத்து வந்து, நான்குக்கும் ஈர்க்கால் கண் எழுதினாள். முயல் மிகவும் லட்சணமாக வந்துவிட்டது.

"ஆத்தி, கண்ணு பட்டுரும்" என்று அதன் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்தாள்.

பிறகுதான் கவனித்தேன், ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டிரண்டு ஓட்டை. பூச்சி அரித்திருக்கிறது. ஐந்தையும் ஒரே மாதிரி, ஒரே இடத்தில், உருண்டையாக அரித்த அந்தப் பூச்சியின் ஒழுங்கைப் பற்றி நான் கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மெழுகுதிரியை உருக்கி ஊற்றி, நான்கின் ஓட்டைகளையும் அடைத்தேன்.

எலியின் முறை வந்தபோது புளி தீர்ந்துவிட்டது. வெறும் சாம்பலுக்கு அது அசையவில்லை. கரிச்சட்டி மாதிரி கறுத்து, மூக்கும் முதுகும் தேய்ந்து, தொட்டால் வழவழவென்று இருந்தது. "இத விட்டுருடி, இது தேறாது" என்றாள் அம்மா. எனக்கும் சரியென்று பட்டது. நான்கு அழகான பிள்ளைகளோடு இதைக் கொண்டுபோய் நிறுத்தி, பங்களாவின் மானத்தை வாங்குவானேன்? எலியை அடுப்படித் தட்டில் வைத்துவிட்டு, நான்கை மட்டும் எடுத்துப் போய் அலுமாரியில் அடுக்கினேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதுதான் கடைசி நல்ல தூக்கம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த வாரத்தில் கடைசி.

சனிக்கிழமை காலை, துரை ஜீப்பில் ரயில் நிலையத்துக்குக் கிளம்பினார். விருந்தாளியின் சாப்பாட்டு விவரத்தைச் சரிபார்க்கக் கோப்பைத் திறந்தேன். கடிதத்தின் இரண்டாம் பக்கம் கண்ணில் பட்டது. அதில் நன்றி, வணக்கம் இருந்தது. அதற்கு மேலே இப்படி இருந்தது: 'தயவுசெய்து அவற்றைச் சுத்தம் செய்ய வேண்டாம். பல தலைமுறைக் கைகள் பட்டு வந்த அந்தப் பழுப்பைத்தான் நாங்கள் தேடுகிறோம். அதைப் பார்க்கவே இவ்வளவு தூரம் வருகிறேன்.'

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது எழுத்து தெரியவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

ஆனால் அக்கறை உள்ளவள் அழுதுகொண்டே இருக்கமாட்டாள். பழுப்புத்தானே வேண்டும்? பழுப்புக்குப் பேர்போன ஊரில் அல்லவா இருக்கிறேன்! பங்களாக் குசினிக்கு ஓடினேன். தோட்டத்துத் தேயிலைத் தூளை ஆறு கரண்டி போட்டுக் கொதிக்கவைத்து, மெழுகு உருகாத சூட்டுக்கு ஆறவிட்டேன். குரங்கு, முயல், ஆமை, மாடு நால்வரும் அந்தச் சட்டிக்குள் இறங்கினார்கள். ஜீப் சத்தம் கேட்கும்வரை அங்கேயே இருந்தார்கள். எடுத்து, மை அழியாமல் ஒற்றித் துடைத்தபோது நிறம் என் கணக்குக்கு மிக நன்றாகவே பிடித்திருந்தது. இடுக்கில் கொஞ்சம் திட்டுத் திட்டாக இருந்தது, அவ்வளவுதான். மனிதர் வயதானவர், கண் அவ்வளவு தெரியாது என்று தேற்றிக்கொண்டேன்.

மொரிதா மெலிந்த, சின்ன மனிதர். குனிந்து வணக்கம் சொன்னார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவில் குறைவாக இருந்ததால், எங்களுக்குள் நன்றாகவே புரிந்தது. தேநீர்கூட வேண்டாமென்று நேரே அலுமாரியிடம் போனார். துரை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். குரங்கை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். கண் தெரியாமல் போனாலும் அவருக்குக் கவலையில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணைத் திறந்தார். விரலில் மை இருந்தது. குரங்கு இன்னும் வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"தேயிலை" என்றார்.

ஆமையைத் திருப்பி, அடியில் இருந்த மெழுகை நகத்தால் தட்டிப் பார்த்தார். முயலை எடுத்தார்.

"இது என்ன?"

"பொட்டு."

"எதற்கு?"

"யாரும் இதை அழகு என்று சொல்லிவிடாமல் இருக்க."

அவர் கொஞ்ச நேரம் முயலைப் பார்த்தார். "சொல்லவில்லை" என்றார்.

பிறகு துரை பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, எங்கள் நாட்டிலும் சிலர் புதிதாகச் செய்த பொம்மைகளைத் தேயிலையில் ஊறவைத்துப் பழையவை என்று காட்டுவார்கள், நானும் இளவயதில் ஏமாந்திருக்கிறேன், உங்கள் மேல் கோபமில்லை என்றார். துரையின் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. போலி சாமானைக் காட்டி ஊரை ஏமாற்றுகிறவர் என்று ஒருவர் முகத்துக்கு நேரே, அதுவும் குனிந்து வணங்கிச் சொல்வதை அவர் அதற்கு முன் கேட்டிருக்கமாட்டார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி துரை மேல். திறந்தால் நாளை மறுநாள் என் கையில் கூடை. வேலைக்குப் போன முதல் நாள் காலையில் அம்மா ரொட்டிச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து என் சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்துவிட்டேன்.

"சார், துரைக்கு ஒன்றும் தெரியாது. அவை நிஜமானவை. நான் கழுவினேன். புளி, சாம்பல். பிறகு வெள்ளையாகிவிட்டது. பிறகு தேயிலை."

துரை என்னைப் பார்த்தார். "என்னா புள்ள சொல்ற?" என்றார் தமிழில். ஆங்கிலத்தில் சொன்னதை அவர் நம்ப விரும்பவில்லை.

மொரிதா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். போலி என்று நினைத்தபோது நின்றுகொண்டிருந்தவர், நிஜம் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எலி?"

ஜப்பானில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயராம், அவர் எலி வருடத்தில் பிறந்தவராம். அந்தப் புகைப்படத்தில் ஐந்து இருந்தாலும், கடல் தாண்டி வந்தது அந்த ஒன்றுக்காகத்தானாம்.

"எலியைக் கழுவவில்லை சார். புளி தீர்ந்துவிட்டது. வீட்டில் இருக்கிறது."

நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் எழுந்துவிட்டார்.

மூவரும் ஜீப்பில் லயத்துக்குப் போனோம். அடுப்படித் தட்டில் எலி இல்லை. தட்டைத் தூக்கிப் பார்த்தேன், விறகுக்குள் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

"அந்த எலிப் பொம்மையா? ஒங்கம்மா காலையில பெரட்டுக்குப் போகையில எடுத்துக்கிட்டுப் போச்சே." (பெரட்டு என்றால் விடிகாலையில் பேர் எடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்.)

"கொழுந்து மலைக்கா? எதுக்கு?"

"எனக்கு என்னா தெரியும்? நல்லா இருக்குன்னுச்சி."

விருந்தாளியிடம், "ஒரு தொழிலாளியிடம் இருக்கிறது" என்றேன். என் அம்மாவிடம் என்று சொல்லவில்லை. கிழிந்த சாக்கும், சேறு அப்பிய காலும், வெற்றிலைக் காவி ஏறிய பல்லுமாக அம்மா நிற்பாள். இந்த வெளுத்த சட்டைக்காரருக்கு முன்னால் அவளை எப்படிக் காட்டுவது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தைந்து வருடம் அவள் கூடை தூக்கித்தான் நான் அந்த ஆங்கிலத்தைப் பேசிக்கொண்டிருந்தேன். இதை வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்லும்போது இந்த இடத்தை மட்டும் நான் தாண்டிப் போய்விடுவேன். இங்கே எழுதிவிட்டேன்.

ஜீப் கொழுந்து மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, பறித்ததை நிறுக்கும் பகல் நிறுவை நேரம். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். துரையைக் கண்டதும், "சலாங்க தொரை" என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அம்மா வரிசையில் நாலாவது. செடியின் குச்சி கிழிக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றிச் சாக்குப் படங்கு, அதற்கு மேலே இறுக்கிய கயிறு. கயிற்றுக்குக் கீழே அவளுடைய வெற்றிலைச் சுருக்குப்பை தொங்கியது. கயிற்றுக்கு மேலே, மூக்கை நீட்டிக்கொண்டு, எலி.

மொரிதா நின்றுவிட்டார். பிறகு விறுவிறுவென்று நடந்து போய், சேற்றில் முழங்காலைப் போட்டு உட்கார்ந்து, என் அம்மாவின் இடுப்பை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

வரிசை கலைந்தது. கங்காணி தராசை விட்டுவிட்டு வந்தார். அம்மா ஓரடி பின்னால் போனாள். மொரிதா முழங்காலாலேயே ஓரடி முன்னால் வந்தார்.

"ஏ புள்ள சரசு! யாருடி இந்த ஆளு? ஏன் எம் இடுப்பையே பாக்குறாரு?"

மொரிதா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இவரை உனக்குத் தெரியுமா?"

"என் அம்மா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

அவர் எழுந்து அம்மாவுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். எலியை இப்படிக் கயிற்றில் கட்ட யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"இதுக்கு என்னா சொல்லிக் குடுக்குறது?" என்றாள் அம்மா. "குனிஞ்சி பறிச்சா பை நழுவி நழுவி விழுந்துரும். இதுல ரெண்டு ஓட்ட இருக்கு. பைக் கயித்த அதுக்குள்ள விட்டு முடிஞ்சி, இடுப்புக் கயித்துக்கு மேல போட்டுட்டேன். எலி தடுத்துக்கிட்டு நிக்கிது. பை அசைய மாட்டேங்குது. ரொம்பத் தோதான சாமான்."

மொழிபெயர்த்தேன். மொரிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவர் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. அந்தக் காலத்து ஜப்பான் உடுப்பில் பை கிடையாது. புகையிலைப் பையைக் கயிற்றில் கட்டி இடுப்புக் கச்சையில் தொங்கவிடுவார்கள். நழுவாமலிருக்க மேலே ஒரு தடை வேண்டும். அதற்காகத்தான் இந்தக் குட்டி மிருகங்கள். அந்த ஓட்டைகள் கயிற்றுக்காக. (பூச்சியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.) "என் வீட்டில் அறுபது இருக்கின்றன. எல்லாம் பெட்டியில் தூங்குகின்றன. ஒன்றையாவது வேலை செய்து நான் பார்த்ததில்லை. பைக்குள் என்ன இருக்கிறது?"

"வெத்தல, பாக்கு, பொகையில" என்றாள் அம்மா.

"புகையிலை!" என்றார் அவர், குரல் உடைந்துபோய். அம்மா அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, பையிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த பத்து நிமிடம் அவரைத் தேயிலைச் செடியோரம் உட்காரவைத்து, தலையில் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று.

தெளிந்ததும் அவர் துரையிடம் கேட்டது ஒன்றுதான். எலியையும் பையையும் இனிப் பிரிக்கக் கூடாது. துரை அந்த நேரத்தில் தோட்டத்தையே கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பார். அன்று மாலையே இரண்டும், முடிச்சுக்கூட அவிழாமல், கண்ணாடி அலுமாரிக்குப் போய்ச் சேர்ந்தன. பக்கத்தில் பழுப்பும் வெள்ளையுமாக நால்வர். முயலின் பொட்டை அழிக்கக் கூடாது என்பதும் மொரிதாவின் உத்தரவு.

மொரிதாவின் கூட்டாளிகள் வந்தார்கள். இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். என் வேலை நிரந்தரமானது. நியமனக் கடிதத்தில் என் கடமைகள் வரிசையாக எழுதியிருக்கின்றன. கடைசி வரி, துரையே கையால் சேர்த்தது: 'எப்பொருளையும் சுத்தம் செய்தல் கூடாது.' மலையகத்தில் இப்படி எழுத்தில் தடை வாங்கிய ஒரே பெண் நான்தான். என் வீட்டுக்காரர் இதைக் கல்யாணத்துக்கு முன்பே படித்துப் பார்த்திருக்கலாம் என்று இன்றும் சொல்வார். துவைக்கப் போட மறந்த சட்டையை நான் காட்டினால் என் மகன், "அழுக்கு இல்லம்மா, மொரிதா தாத்தாவுக்கு வச்சிருக்கேன்" என்பான்.

அம்மாவின் புகைப்படம் ஜப்பானில் ஏதோ புத்தகத்தில் வந்தது. இடுப்பும் எலியும்தான் தெளிவாக இருந்தன, முகம் பாதிதான். அதைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. அவள் வருத்தம் வேறு. ஓய்வுபெற்று இத்தனை வருடமாகியும், பங்களாப் பக்கம் வந்தால் அலுமாரி முன்னால் நின்று பார்ப்பாள். விருந்தாளிகள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். அவள் அவர்களைக் கவனிக்கமாட்டாள். குனிந்து கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொல்வாள்.

"ஏ புள்ள, எலி அவங்களோடதாவே இருக்கட்டும். பைக்குள்ள நாலு கொட்டப்பாக்கு முழுசாக் கெடந்திச்சி. அதையாவது எடுத்துக் குடுக்கச் சொல்லுடி."